லெஸ்டர்ல இருந்து அண்ணனுக்கு: வண்டிய நானே ஏன் பாக்குறேன்னா

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்க இங்கிலாந்துல நான் நல்லா இருக்கேன். அம்மா, மதினி, பாப்பா எல்லாரும் சௌக்கியந்தான? போன்ல பேசுனா பாதி விட்டுப்போகுது, பின்னாடி யாராவது ஹாரன் அடிச்சு செக் பண்ணிக்கிட்டே இருக்காங்க, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். மெக்கானிக் கடைய சாத்துனப்புறம் நிதானமா படி.

"பவுண்டுல சம்பளம் வாங்குற, பைக்க சர்வீஸுக்கு ஷோரூம்ல விட்டுட்டு நிம்மதியா இருக்காம ஏன் கிரீஸ்ல கைய விடுற"ன்னு கேட்டேல்ல. காசு ஒரு காரணந்தான், ஆனா அது மட்டும் இல்லண்ணே.

மொத காசையே சொல்லிடுறேன். இங்க பக்கத்துல டீலர்கிட்ட லேபர் மணிக்கு 90 பவுண்டு, அதுக்கு மேல வாட் வரி 20 சதவீதம், ஆக ஒரு மணி நேரத்துக்கு 108 பவுண்டு ஆச்சு. ஒரு பவுண்டு நம்ம காசுல நூறு ரூவாய்க்கு மேல, நீயே கணக்குப் போட்டுக்க. வருஷ சர்வீஸ்னு விட்டா 250 பவுண்டு தாண்டிரும், அதுல பார்ட்ஸுனு பாத்தா ஆயில், பில்டர், ஒரு வாஷர் அவ்வளவுதான். அதே ஆயிலும் பில்டரும் நான் வாங்கினா 60 பவுண்டுக்குள்ள முடியுது. மிச்சம் அம்புட்டும் கைக்கூலி.

கைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன். நீ இன்ஜின் வால்வ தட்டுற டேப்பெட் சத்தத்த வச்சே எந்த சிலிண்டர்னு சொல்ற ஆளு, ஆனா பில்லு போடுறப்ப லேபர் 200 ரூவான்னு எழுதுற, அதுலயும் கஸ்டமர் ஐம்பது குறைச்சுக் குடுத்தா சரிங்கண்ணேன்னு வாங்கிக்கிற. எனக்கு அது இங்க வந்தப்புறம் ரொம்ப உறுத்துது. பார்ட்ஸ் தனியா, கூலி தனியா எழுதி குடு, உன் நேரத்துக்கு ஒரு விலைய நீயே நிர்ணயிச்சு போர்டுல எழுதி வையி. இத பத்தி தனியா பேசணும்.

இப்ப விஷயத்துக்கு வரேன். இங்க ஆஸ்பத்திரில காலை ஷிப்ட் ஏழரைக்கு, ஞாயித்துக்கிழமைன்னா அந்த நேரத்துக்கு பஸ்ஸே சரியா வராது, கார் வச்சா ஆஸ்பத்திரில பார்க்கிங் கிடைக்கிறது பெரிய பாடு. அதான் வண்டி. எந்த வண்டின்னு உனக்கே தெரியும், ஆனா ஒண்ணு சொல்லல. என் இன்டர்செப்டர் 650 இருக்கே, அந்த இன்ஜின உருவாக்குன ராயல் என்பீல்டோட டெக்னாலஜி சென்டர் லெஸ்டருக்குத் தெக்க, ப்ரன்டிங்தார்ப்ங்கிற ஊர்ல இருக்கு, எங்க வீட்ல இருந்து வண்டில அரைமணி நேரந்தான். இங்க டிசைன் பண்ணி, சென்னை பக்கம் ஃபேக்டரில செஞ்சு, கப்பல்ல ஏறி திரும்ப இங்கயே வந்து நிக்குது. அந்தக் காலத்துல இதே கம்பெனி ரெட்டிட்ச்ல இருந்தது, அதுவும் இங்கருந்து ரொம்ப தூரம் இல்ல, 1955ல தான் மெட்ராஸ்ல கம்பெனி ஆரம்பிச்சாங்க, அப்புறம் இங்க மூடிட்டாங்க, நம்ம ஊர்ல நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. டேங்க தொடைக்கிறப்பல்லாம் எனக்கு அந்த நெனப்பு வரும், நம்ம ஆளுக கை பட்டதுன்னு.

வாரண்டி இருந்த வரைக்கும் டீலர்கிட்டதான் விட்டேன், நாளைக்கு ஏதாவது கிளெய்ம்னா பேச்சு வரக்கூடாதுன்னு. அங்கதான் எனக்கு மனசு ஒடஞ்சது. வண்டிய கவுண்டர்ல சாவியோட குடுத்துரணும், கண்ணாடி கதவுக்கு அந்தாண்ட கஸ்டமர் போகக் கூடாது, இன்சூரன்ஸ் ரூல்னு சொல்லுவாங்க. சாயங்காலம் கழுவி பளபளன்னு குடுப்பாங்க, கூடவே அச்சடிச்ச லிஸ்ட், எல்லாத்துக்கும் டிக். ஒரு தடவ அப்படி எடுத்துட்டு வந்தா வண்டில ஒரு முனகல். சென்டர் ஸ்டாண்டு போட்டு செயின விரல்ல தூக்கிப் பாத்தா வீணைக் கம்பி மாதிரி நிக்குது, அசையவே இல்ல. ஆள் ஏறி உக்காந்தா சஸ்பென்ஷன் இறங்கும், செயின் இன்னும் இழுக்கும், பேரிங்கு போகும்னு நீ சின்ன வயசுல இருந்து சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். திரும்பக் கொண்டுபோய்க் கேட்டா கவுண்டர்ல இருந்தவர் ரொம்ப மரியாதையாத்தான் பேசினார், சாரி கேட்டார், சரி பண்ணியும் குடுத்தாங்க. ஆனா யார் அந்த வேலைய பாத்தாங்களோ அவர பாக்கவே முடியல. என்ன அளவுல வச்சீங்கன்னு கேக்கவும் ஆளில்ல.

நம்ம கடைல அப்படியா? கஸ்டமர் ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே பாப்பாரு, கழட்டுன பிரேக் ஷூவ நீ கையில குடுத்து "பாருங்கண்ணே எப்படி தேஞ்சிருக்கு"ன்னு காட்டுவ, பழைய சாமான கவர்ல போட்டு குடுப்ப. அந்த நம்பிக்கைய நான் இங்க எத்தன பவுண்டு குடுத்தும் வாங்க முடியலண்ணே. அதுக்காகத்தான் வாரண்டி முடிஞ்ச வாரமே டார்க் ரெஞ்ச் வாங்கினேன். போல்ட்ட எவ்வளவு இறுக்கணும்னு மேனுவல்ல நியூட்டன் மீட்டர் கணக்குல போட்டிருக்கும், அந்த அளவுக்கு செட் பண்ணா "டிக்"குனு சத்தம் குடுக்கும், அதுக்கு மேல இறுக்க வேண்டாம். நீ மணிக்கட்டுலயே அளந்துருவ, எனக்கு அந்தக் கை இல்ல, அதனால கருவி வேணும்.

கராஜ் கிடையாது. வரிசை வீட்டுக்கு நடுவுல ஒரு சந்து வழியா பின்கட்டுக்கு வண்டிய உருட்டிக்கிட்டு போகணும், தார்ப்பாய் விரிச்சு அங்கதான் எல்லாம். ஆயில் மாத்துறது, பில்டர், ஸ்பார்க் ப்ளக் ரெண்டு, ஏர் பில்டர், செயின் கிளீனிங், கேபிளுக்கு எண்ணெய், பிரேக் பேடு பாக்குறது, இதெல்லாம் நானே. செயினுக்கு பெட்ரோல் போட்டா அதுக்குள்ள இருக்கிற ரப்பர் வளையம், ஓ ரிங், கெட்டுரும்னு நீ மண்ணெண்ணெய்தான் போடுவ, இங்க அதையே பாரஃபின்னு கேன்ல விக்கிறாங்க. பழைய ஆயில ஊத்தி விட எடமே இல்ல, சாக்கடைல ஊத்துறது குற்றம். கேன்ல அடைச்சு கவுன்சிலோட ரீசைக்ளிங் சென்டருக்கு கொண்டு போனா அங்க பெரிய டேங்கு வச்சிருக்காங்க, அதுல ஊத்திட்டு வரணும். நம்ம கடை வாசல்ல மண்ணு கருப்பா கெடக்கே, அத நெனச்சா கவலையா இருக்கு, பக்கத்துலயே போர்வெல் இருக்கு, பாப்பா அந்தத் தண்ணிலதான் குளிக்கிறா. ஒரு டிரம்மு வையி, பழைய ஆயில் வாங்குறவங்ககிட்ட சேத்துக் குடு.

உனக்குத் தெரியாத ஒரு எதிரி இங்க இருக்கு, உப்பு. பனிக்காலத்துல ரோட்டுல ஐஸ் பிடிக்காம இருக்க லாரில கொண்டாந்து கல்லுப்பத் தூவிக்கிட்டே போவாங்க. தூத்துக்குடி வண்டி கடக்காத்துல துருப்பிடிச்சு வரும்னு நீ சொல்லுவேல்ல, இங்க கடலே இல்லாத ஊர்ல அதவிட மோசம். ஸ்போக்கு, நிப்பிள், காலிபர் பிஸ்டன், போல்ட்டு தலை எல்லாத்துலயும் வெள்ளையா பூக்கும். ட்யூட்டி முடிஞ்சு வந்து எவ்வளவு அலுப்பா இருந்தாலும் பச்சத்தண்ணிய அடிச்சு கழுவிட்டுத்தான் உள்ள போவேன், சுடுதண்ணி ஊத்துனா உப்பு இன்னும் வேகமா அரிக்கும். கழுவிக் காஞ்சப்புறம் துருத்தடுப்பு ஸ்ப்ரே. இத எந்த டீலரும் எனக்காக செய்ய மாட்டான், வருஷத்துக்கு ஒரு தடவ பாக்குறவனுக்கு இது கண்ணுலயே படாது. டிசம்பர்ல நாலு மணிக்கெல்லாம் இருட்டிரும், விரல் மரத்துப்போகும், அதனால பெரிய வேலைய எல்லாம் அக்டோபருக்குள்ள முடிச்சிருவேன்.

எல்லாத்தையும் நானே பாக்குறேன்னு பயந்துராத. டயர் வெளியதான், ஸ்போக் வீல், உள்ள ட்யூப், மாத்துறதுக்கும் பேலன்ஸ் பாக்குறதுக்கும் அவங்ககிட்ட மிஷின் இருக்கு. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, அதையும் குடுத்துருவேன், ஏபிஎஸ் வண்டில காத்து மாட்டிக்கிட்டா லிவர் பொதபொதன்னு போகும், அதுல நான் கத்துக்கிறேன்னு உசுர வச்சு விளையாட மாட்டேன். ஃபோர்க் ஆயில் சீலும் அப்படித்தான். பழுது இருக்கு, வண்டிய கொண்டு வாங்கன்னு கம்பெனி ரீகால் லெட்டர் போட்டா கண்ண மூடிட்டு டீலர்கிட்ட போயிரணும், அது இலவசம். இந்த வேலைக்கெல்லாம் டீலர விட்டுட்டு ஊருக்கு வெளிய ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்ப பிடிச்சேன், அங்க ஓரமா நின்னு பாக்க விடுறாங்க, ரேட்டும் கம்மி.

அப்புறம் எம்ஓடின்னு ஒண்ணு. வண்டிக்கு மூணு வருஷம் ஆனதும் அதுக்கப்புறம் வருஷா வருஷம் டெஸ்ட், நம்ம எஃப்சி மாதிரி, ஆனா டூவீலருக்கும் உண்டு. அதிகபட்சம் 29.65 பவுண்டுதான் வாங்கலாம்னு அரசாங்கமே வச்சிருக்கு. லைட், பிரேக், ஸ்டீயரிங் பேரிங், செயின், டயர் எல்லாம் பாப்பாங்க, டயர் பட்டன் 1 மிமீ ஆழம் இருக்கணும். ரிப்பேருக்குக் காசு வாங்காத இன்னொருத்தர் வருஷத்துக்கு ஒரு தடவ என் வேலைய பாத்து சொல்றார்ங்கிறதே எனக்கு பெரிய தைரியம். நம்பர் பிளேட்ட போட்டா எந்த வண்டியோட எம்ஓடி ரிசல்ட்டும், ஓடுன மைலும் நெட்ல யார் வேணா பாக்கலாம், செகண்ட்ஹேண்ட் வாங்குறவன ஏமாத்துறது கஷ்டம். ஆனா விக்கிறப்ப டீலர் முத்திரை இல்லாத சர்வீஸ் புக்குன்னா விலைய கொறப்பாங்க, அது எனக்கு நஷ்டந்தான், தெரிஞ்சுதான் செய்றேன். பில்லு, போட்டோ, தேதி, மைல் எல்லாம் ஒரு நோட்டுல ஒட்டி வைக்கிறேன்.

பிஎஸ்6ங்கிற புகை ரூல் வந்ததுல இருந்து ஷோரூமுக்குத்தான் எல்லாரும் போறாங்கன்னு அன்னிக்கி சலிச்சுக்கிட்ட. 2020க்கு அப்புறம் கார்புரேட்டர் போயி இன்ஜெக்‌ஷன் வந்துருச்சு, சென்சார் பழுதக் காதால கண்டுபிடிக்க முடியாது, அது நெசம். ஒரு ஸ்கேனர் வாங்கு, பணம் நான் அனுப்புறேன், கடனா வேணாலும் வச்சுக்க. கூடவே அந்த ஸ்டூல எடுத்துராத, கஸ்டமர் உக்காந்து பாக்குற அந்த எடந்தான் ஷோரூம்ல கிடைக்காதது. இங்க அதுக்குத் தவிச்சவ சொல்றேன், கேட்டுக்க.

அடுத்து டேப்பெட் இடைவெளி பாக்கணும், அதுக்குத்தான் உன் ஒத்தாச வேணும். ஸ்க்ரூவும் லாக்நட்டும் வச்ச பழைய மாடல்தான், டேங்க எறக்கிட்டா கை போகும், அந்த இடைவெளிய அளக்குற ஃபீலர் கேஜ் வாங்கிட்டேன், இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறுனப்புறம் காலைல தொறப்பேன். ஆனா லாக்நட்ட இறுக்குறப்ப ஸ்க்ரூ சேந்து திரும்பிருதுன்னு சொல்லுவியே, அத நீ எப்படி பிடிப்பன்னு கையில காட்டணும். ஞாயித்துக்கிழமை கடை லீவுதான, நம்ம ஊர் மத்தியானம் ரெண்டு மணிக்கு வீடியோ கால் போடுறேன், ஏதாவது ஒரு பழைய இன்ஜின் ஹெட்ட எடுத்து முன்னாடி வச்சுக்க. அம்மாகிட்ட டேங்க் கழட்டுற கதையெல்லாம் சொல்லாத.

இப்படிக்கு,
உன் தங்கச்சி