நாலாம் நாள் திரும்பி வந்த பெடியன்

வட்டக்கச்சி

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் சுகம். காலபோகம் இந்த முறை பிழையில்லை. அப்பாவின் முழங்கால் பழையபடிதான். மற்றப் புதினங்களைப் பிறகு எழுதுகிறேன்.

பக்கத்து வளவுப் பெடியன் உன் ஹாட்வெயார் கடை வேலையை விட்டு நாலாம் நாளே வந்துவிட்டான். நீ ஒன்றும் சொல்லவில்லை. அவனும் உன்னைக் குறை சொல்லவில்லை. புட்டும் சம்பலும் வைத்துக் கொடுத்துத்தான் கதையை வாங்கினேன். முதல் நாள் எட்டு மணிக்கே வந்து நின்றானாம். நீ வங்கிக்குப் போயிருந்தாய். பத்தரை மட்டும் சீமெந்து மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான், இரு என்று சொல்ல ஆளில்லை. பிறகு ஒருவர் பைப்பை வளைத்துப் பூட்டுகிற அரை இஞ்சி எல்போ கேட்க, இவன் மூன்று பக்கம் பைப் பூட்டுகிற ரீயை எடுத்துக்கொண்டு வந்தானாம். சாமான் வாங்க வந்தவர்களுக்கு முன்னால் சிரித்திருக்கிறார்கள். எத்தனை மணிக்குச் சாப்பிடலாம் என்று கேட்கக் கூச்சப்பட்டு, தாய் கட்டிக் கொடுத்த பார்சலைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுபோயிருக்கிறான். மூன்று நாளும்.

இந்த வருசம் இவன் மூன்றாவது ஆள். இந்தக் காலத்துப் பெடியள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள் என்பாய். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

1981இல் நான் கூட்டுறவுச் சங்கக்கடையில் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அரசாங்கம் கொடுத்த உணவு முத்திரைக்குச் சாமான் வாங்கின காலம், வாசலில் சனம் நெருக்கும். அங்கே இருந்த பெரியக்கா முதல் நாள் என்னைத் தராசுக்குக் கிட்ட விடவில்லை. படிக்கற்களைக் கையில் தந்து, கண்ணை மூடிக்கொண்டு எது எத்தனை என்று சொல்லச் சொன்னா. குடிதண்ணீர்ப் பானை எங்கே, கிணற்றடிக்குப் போகும் வழி எது என்று காட்டினா. மத்தியானம் தன் சாப்பாட்டைப் பிரித்து எனக்குப் பக்கத்திலேயே இருந்தா. ஒரு கிழமைக்குப் பிறகுதான் தராசு. பிழை விட்டபோது சனம் போன பிறகு சொன்னா. இருபது வருசத்துக்கு மேல் அங்கே நின்றேன். பிறகு வந்த பிள்ளைகளுக்கும் நான் அப்படித்தான் செய்தேன், ஒருத்தியும் அழுதுகொண்டு போகவில்லை.

ஆள் வருகிற முதல் நாள் நீ கடையில் நில், தம்பி. வங்கி அடுத்த நாளும் திறக்கும். எல்போ எது, சொக்கட் எது, முக்கால் இஞ்சி எந்தத் தட்டில் என்று ஒரு பழைய ஆளைக் கூடவிட்டுக் காட்டு. நியமனக் கடிதம் கொடு. ஊழியர் சேமலாப நிதியை (EPF) மூன்று மாதம் பார்த்துவிட்டுப் போடுவோம் என்று வைக்காதே, அது முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டியது: சம்பளத்தில் அவனுடைய 8 வீதம், உன்னுடைய 12, ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நீ இன்னொரு 3. 2009இல் சண்டைக்குள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தபோதும் என் சேமலாப நிதி இலக்கம் எழுதிய துண்டு பேர்சுக்குள் இருந்தது. ஐம்பது வயதில் அதை வைத்துத்தான் காசு எடுத்தேன். உன் கடைக்கு முதல் தகரம் போட்டது அந்தக் காசில்.

செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்து படித்த பிள்ளை நீ. இன்று வவுனியாவில் உன் பெயரில் பலகை தொங்குகிறது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஆனால் மாசியில் நீ முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் வந்து தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பிப் போனாயாம். அங்கிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்? சரி, அதை விடு. முதல் நாள் நீ கடையில் நில், அதைத்தான் சொல்ல வந்தேன்.

இதை எழுதிவிட்டு இரண்டு நாள் அனுப்பாமல் வைத்திருந்தேன். வாசித்துப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் பெடியனின் முகம் வரவில்லை, உன் மனுசியின் முகம்தான் வந்தது. கலியாணம் முடித்து வந்த மற்ற நாள் அவள் குசினிக்குள் உப்புப் போத்தலைத் தேடினாள். நான் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. கேட்கட்டும் என்று நின்றேன். அவள் கேட்கவில்லை, சொதியை உப்பில்லாமல் இறக்கினாள். அதை நான் சாப்பாட்டு நேரம் உன் மாமாமாருக்கு முன்னால் சொன்னேன். அவள் தலை நிமிரவில்லை. சங்கக்கடையில் யார் பெற்ற பிள்ளைகளுக்கெல்லாமோ செய்ததை என் வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் செய்யவில்லை, தம்பி. ஆறாம் மாதம் நீங்கள் வவுனியாவுக்குப் போனபோது கடைக்குக் கிட்ட வீடு வேண்டும் என்றாய். எனக்குக் காரணம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

பெடியனோடு கதைத்துவிட்டேன். நீ கூப்பிட்டால் திரும்ப வருவான். திங்கள் காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு நானே வரலாம் என்று நினைக்கிறேன். உன்னிடம் கேட்கவில்லை. நான் வீட்டுக்கு வரலாமா என்று அவளிடம் கேட்டுச் சொல்.

அம்மா