வடசென்னைக்கு வாக்குறுதி எழுத உட்காருமுன்: இரு கழகங்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்:
தேர்தல் அறிக்கைக் குழுவினர், திராவிட முன்னேற்றக் கழகம்
தேர்தல் அறிக்கைக் குழுவினர், அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம்

அன்புடையீர், வணக்கம்.

திருவொற்றியூர், ஆர்.கே.நகர், பெரம்பூர், கொளத்தூர், திரு.வி.க. நகர், ராயபுரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்ததுதான் வடசென்னை மக்களவைத் தொகுதி. குடியரசுத் தலைவர் ஆட்சிக் காலங்களை விட்டுவிட்டால், 1967-லிருந்து உங்கள் இரு கட்சிகளில் ஒன்றுதான் கோட்டையில் இருந்து வருகிறது. "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்ற பேச்சு இன்று டீக்கடையில் மட்டும் கேட்கவில்லை, கரைவேட்டி கட்டிய வீடுகளிலும் கேட்கிறது. அதை அக்கறையின்மை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சலிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் குழாய், கால்வாய், மின்கட்டணம், வாக்காளர் பட்டியல் என்ற மட்டத்தில் எழுதுகிறோம். இந்த முறையாவது அறிக்கையை அந்த மட்டத்துக்கு இறங்கி எழுதுங்கள்.

முதலில் எண்ணூர். 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர்க் கரையில் ஒதுங்கிய கசடை மீனவர்களும் மாணவர்களும் தீயணைப்பு வீரர்களும் வாளியில் அள்ளினார்கள். அப்போது அதிமுக ஆட்சி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அப்போது திமுக ஆட்சி. மறுபடியும் மீனவர்கள்தான் ஃபைபர் படகில் போய் மக்கிலும் வாளியிலும் மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். இடையில் கிட்டத்தட்ட ஏழு வருடம் போயிருந்தது.

எண்ணெய்க் கசிவில் முதல் நாள்தான் முக்கியம். ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறி இறங்குவதற்குள் வாய்க்கால் வாயில் மிதவைத் தடுப்பைக் குறுக்கே கட்டிவிட்டால், எண்ணெய் ஓரிடத்தில் தேங்கும். இயந்திரம் வைத்து உறிஞ்சிவிடலாம். அலையாத்திக் காட்டுக்குள் போய்விட்டால் வேரில் ஒட்டியதை யாராலும் முழுசாக எடுக்க முடியாது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைப்பவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை போகும். ஆகவே "எண்ணூர் சுற்றுச்சூழல் பாதுகாக்கப்படும்" என்று எழுதாதீர்கள். எத்தனை மீட்டர் மிதவைத் தடுப்பு, அது எந்தக் கிடங்கில் இருக்கும், சாவி யாரிடம், வருடத்துக்கு எத்தனை ஒத்திகை, எந்த ஊர் மீனவர்களுக்குப் பயிற்சியும் கூலியும் என்று எழுதுங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்திலிருந்து செப்பாக்கம் சாம்பல் குளத்துக்குப் போகும் குழாய்களுக்கும் இதே கேள்விதான். குழாய் உடைந்து சாம்பல் கொசஸ்தலையாற்றில் கலப்பதும், ஒட்டுப் போடுவதும், மறுபடி உடைவதும் இரண்டு ஆட்சியிலும் நடந்தவை.

இப்படிக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது. 2006-இல் திமுக கலர் டிவி அறிவித்தது, 2011-இல் அதிமுக மிக்சி, கிரைண்டர், மின்விசிறி அறிவித்தது. அதையொட்டி உச்சநீதிமன்றம் போன வழக்கில் 2013 ஜூலை 5 அன்று தீர்ப்பு வந்தது. அதன்பின் தேர்தல் ஆணையம் நடத்தை விதிகளில் தேர்தல் அறிக்கைக்கென்றே எட்டாவது பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் கட்சி சொல்ல வேண்டும் என்கிறது அந்தப் பகுதி. உங்கள் இருவரின் அறிவிப்புகளால் பிறந்த விதி அது. அதன்பின் வந்த உங்கள் அறிக்கைகளில் 'பணம் வரும் வழி' என்ற பத்தியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாதந்தோறும் மின்கணக்கெடுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் திமுக கொடுத்த 505 வாக்குறுதிகளில் அதுவும் ஒன்று. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். ஏப்ரலில் 200 யூனிட், மே வெயிலில் 350 யூனிட் ஓடினால் மொத்தம் 550. கணக்கு 500-ஐத் தாண்டிய உடனே, 101 முதல் 200 யூனிட் வரைக்கான சலுகை விலை போய்விடும். மிதமாக ஓடிய ஏப்ரலும் சேர்ந்து அடிபடும். மாதக் கணக்கு என்றால், படிகளைப் பாதியாக்கினாலும், ஏப்ரல் தப்பிக்கும். ஒண்டிக்குடித்தனத்தில் ஒரே மீட்டரில் இரண்டு மூன்று குடும்பம் இருக்கும் தெருக்களில் இது பெரிய தொகை. ஆனால் ரீடிங் எடுக்க ஆள் இரட்டிப்பாக வேண்டும், அல்லது ஸ்மார்ட் மீட்டர் வேண்டும். இலவச 100 யூனிட் மாதத்துக்கு 50 ஆகுமா என்பதையும் சொல்ல வேண்டும். வாக்குறுதியில் இவை எதுவும் இல்லை. நடக்கவுமில்லை, கட்டணம்தான் 2022 செப்டம்பரிலிருந்து ஏறியது. எத்தனை கணக்கெடுப்பாளர் இடம் காலி, எவ்வளவு செலவாகும், எந்தத் தேதியில் தொடங்கும் என்று சட்டமன்றத்தில் மின்துறை மானியக் கோரிக்கை (துறைக்கு நிதி ஒதுக்கும் விவாதம்) வரும்போது விடாமல் கேட்டு விவரத்தை வெளியே கொண்டுவருவது எதிர்க்கட்சியின் வேலை. அதிமுக கண்டன அறிக்கையோடு நின்றுவிட்டது என்பதுதான் எங்கள் குறை.

அடுத்தது குடிநீர். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் "தண்ணி நாத்தம் அடிக்குது" என்ற புகார் ஏன் தீராமல் இருக்கிறது என்று பாருங்கள். குறுகிய தெருவில் பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் பக்கம் பக்கமாகப் போகின்றன. தண்ணீர் நாள் முழுக்க வராது. சில மணி நேரம் விடுவார்கள். விடும்போது குழாயில் அழுத்தம் இருப்பதால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழையாது. நிறுத்தியதும் அழுத்தம் விழும். அந்த நேரத்தில் யாராவது அடிபம்பை அடித்தாலோ, லைனில் நேராக மோட்டார் போட்டாலோ குழாய் உறிஞ்ச ஆரம்பிக்கும். துருப்பிடித்த இணைப்பிலும் வீட்டுக்குப் பிரியும் இடத்திலும், நிரம்பி நிற்கும் மேன்ஹோல் தண்ணீர் உள்ளே இறங்கும். மறுநாள் காலையில் முதல் சில குடம் கறுப்பாக வந்து, பிறகு தெளியும். தெளிந்ததைத்தான் குடிக்கிறார்கள்.

குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் புகார் சொன்னால் ஜெட் ராடிங் வண்டி வந்து கழிவுநீர் அடைப்பை எடுக்கும். நாற்றம் குறையும். புகார் முடிக்கப்பட்டதாகச் செல்போனில் செய்தி வரும். குடிநீர்க் குழாயின் ஓட்டை மட்டும் அங்கேயே இருக்கும், அடுத்த அடைப்பு வரும் வரை.

இதற்கு வாக்குறுதி எழுதுவதென்றால் தெருப் பெயர் வேண்டும், குழாயின் நீளம் வேண்டும். வீட்டு இணைப்பையும் வாரியத்தின் செலவில் மாற்றுவோம் என்ற வரி வேண்டும். தெருக் குழாயை மட்டும் மாற்றிவிட்டு வீட்டு இணைப்பை உரிமையாளர் தலையில் கட்டினால் அவர் செய்ய மாட்டார். வாடகைக்கு இருப்பவர் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருக்கும். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். சோதனைக் குழாயில் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் காட்டும். நிறமே வராவிட்டால் வழியில் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைத் தொட்டியடியில் செய்து பதிவேட்டை நிரப்பக் கூடாது. தெருவின் கடைசி வீட்டில், வாரம் ஒருமுறை செய்து, முடிவைப் பகுதி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். இதற்குப் பெரிய நிதியும் தேவையில்லை. உங்கள் இருவரில் யார் முதலில் எழுதுகிறீர்கள் என்று பார்க்கிறோம்.

வேலையின் வரிசையும் முக்கியம். கழிவுநீர், பிறகு குடிநீர், பிறகு மழைநீர் வடிகால், கடைசியில் சாலை. இங்கே சாலை போட்ட மூன்றாம் மாதம் குடிநீர் வாரியம் வந்து வெட்டும். அதை மூடியதும் மின்சாரக் கேபிளுக்கு வெட்டுவார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அது தவறும் தெருக்களில் வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து, மழைத் தண்ணீர் நேரே உள்ளே வருகிறது.

கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனோடு 3,220 கோடி ரூபாயில் 769 கிலோமீட்டர் மழைநீர் வடிகால் என்று அறிவித்தீர்கள். நல்ல திட்டம்தான். ஆனால் வடிகாலை மொத்த நீளத்தில் அளந்து எதுவும் தெரியாது. கட்டிய துண்டுகளுக்கு நடுவே இணைக்காத இடம் எத்தனை, பக்கிங்காம் கால்வாயில் சேரும் வாயில் மண் மேடு இருக்கிறதா, வண்டல் தொட்டியைக் கடைசியாக எப்போது தூர் வாரினார்கள், எத்தனை வீட்டுக் கழிவுநீர் இதில் கள்ளத்தனமாகச் சேர்கிறது என்பவைதான் கேள்வி. நூறு மீட்டர் விட்டுப்போனாலும் மேலே கட்டிய ஒரு கிலோமீட்டர் தொட்டியாக நின்றுவிடும். எதிர்க்கட்சித் தலைவர்கள் டிசம்பரில் முழங்கால் தண்ணீரில் வந்து ஆறுதல் சொல்வதைவிட, மே மாதத்தில் அளவு நாடாவோடு வந்து இணைக்காத இடங்களைப் படம் பிடித்து மாநகராட்சி மாமன்றத்தில் வைத்தால் எங்களுக்கு அதிகம் உதவும்.

வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2023 பட்ஜெட்டில் மூன்று ஆண்டுக்கு 1,000 கோடி என்று வந்தது. 2024 மார்ச்சில் தங்கசாலையில் தொடங்கியபோது 4,181 கோடி ஆனது. மற்றத் துறைகளின் பணிகளும் அதன்கீழ் சேர்ந்தன. இதில் புதிதாக ஒதுக்கிய பணம் எவ்வளவு, வாரியமோ மாநகராட்சியோ எப்படியும் செய்யவிருந்த வேலை எவ்வளவு என்று வார்டு வாரியாகப் பிரித்து வெளியிடுங்கள். தொகை ஏற ஏற மகிழ்ச்சி அடையும் காலம் இங்கே முடிந்துவிட்டது.

தூய்மைப் பணியாளர் விஷயத்தில் உங்கள் இருவருக்கும் வித்தியாசம் காண்பது எங்களுக்குக் கடினமாக இருக்கிறது. அதிமுக ஆட்சியில், 2020-இல், பல மண்டலங்களின் குப்பை அள்ளும் பணி தனியாருக்குப் போனது. திமுக ஆட்சியில், 2025-இல், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் போயின. அதை எதிர்த்து ஆகஸ்ட் மாதம் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எங்கள் பகுதிப் பெண்கள். பெரும்பாலும் தலித் பெண்கள். திமுகவின் 2021 வாக்குறுதியைக் காட்டித்தான் பணி நிரந்தரம் கேட்டார்கள். நீதிமன்ற உத்தரவைச் சொல்லி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தியதை இந்தப் பகுதி மறக்கவில்லை. இன்று அவர்களுக்காகப் பேசும் கட்சி, தான் வந்தால் தனியார் ஒப்பந்தங்களை எந்தத் தேதியில் எந்தப் பிரிவின்படி முடிக்கும் என்று எழுதித் தரட்டும். ஆளும் கட்சி, பழைய பணிக்காலத்தை எப்படிக் கணக்கில் எடுக்கும் என்று எழுதட்டும்.

"சென்னைக்காரன் ஓட்டுப் போட வரமாட்டான்" என்கிறீர்கள். 2022 பிப்ரவரி மாநகராட்சித் தேர்தலில் சென்னையில் சுமார் 43 சதவீதம்தான் பதிவானது, உண்மை. அதற்கு முன் என்ன நடந்தது? 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. திமுக தரப்பு தொடுத்த வழக்கில் உயர்நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. மறுபடி நடத்த வேண்டிய அதிமுக அரசு ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டது. ஐந்து வருடத்துக்கு மேல் ஒரு தெருவிளக்குக்குக் கேட்கக்கூட கவுன்சிலர் இல்லை. அவர் இல்லாமலே வாழப் பழகியவர்களை நீங்கள்தான் உருவாக்கினீர்கள். இப்போது விதிப்படி, வார்டு மக்கள் உட்கார்ந்து பேசும் பகுதி சபை கூட வேண்டும். கூடுவதே பல தெருக்களுக்குத் தெரியாது. தீர்மானப் புத்தகத்தை யாரும் கண்ணில் காட்டுவதில்லை.

சதவீதத்திலும் ஒரு கோளாறு உண்டு. 2025 டிசம்பர் 19 வரைவு வாக்காளர் பட்டியலில் சென்னை மாவட்டத்தில் 14 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் நீங்கின. இறந்தவரும் இடம் மாறியவரும் இரண்டு இடத்தில் பதிந்தவரும் அத்தனை வருடம் பட்டியலில் இருந்திருந்தால், வந்து ஓட்டுப் போட்டவர்களின் சதவீதம் குறைவாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் நீங்கியவர்களில் உயிரோடு, ஓட்டுரிமையோடு இருப்பவர்களும் உண்டு. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால் இரண்டு தெரு தள்ளிப் போனவர், குடிசை மாற்றலில் பெரும்பாக்கம் போனவர் எல்லாம் இதில் அடக்கம். உங்கள் வாக்குச்சாவடி முகவர்கள் பூத் சிலிப்போடு ஓடிவரும் வேகத்தில், பெயர் சேர்க்கும் படிவம் 6 அல்லது முகவரி மாற்றும் படிவம் 8-ஓடு ஏன் வரவில்லை?

நோட்டா எதையும் மாற்றாது என்று எங்களுக்குத் தெரியும். அது செல்லும் வாக்கில் சேராது. டெபாசிட்டுக்கான ஆறில் ஒரு பங்குக் கணக்கிலும் வராது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்த வேட்பாளர்தான் ஜெயிப்பார். ஆனால் ஆர்.கே.நகரை மறக்காதீர்கள். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவால் தேர்தல் ஆணையமே அங்கே தேர்தலை ரத்து செய்தது. டிசம்பர் 21-இல் நடந்தபோது சுயேச்சை ஜெயித்தார்; ஆளுங்கட்சி தோற்றது, பிரதான எதிர்க்கட்சி டெபாசிட் இழந்தது. இரண்டு பேரையும் ஒரே நாளில் வேண்டாம் என்று சொல்ல இந்த வாக்காளர்களுக்குத் தெரியும்.

நாங்கள் கேட்பது தொகுதிக்கு ஒரு தாள். வேலையின் பெயர், தெரு அல்லது வார்டு, பொறுப்பான துறை, பணம் வரும் தலைப்பு, தொடங்கும் மாதம், முடியும் மாதம், கேள்வி கேட்க வேண்டிய அதிகாரியின் பதவி. அதன் கடைசியில், நீங்கள் தோற்றால் இந்த வேலைகளை எப்படித் தொடர்வீர்கள் என்ற பத்தியும் வேண்டும்: தொகுதியில் அலுவலகம் திறந்திருக்குமா, எந்த மானியக் கோரிக்கையில் எந்த வெட்டுத் தீர்மானம் கொடுப்பீர்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தத் தாளின் நிலவரத்தை யார் வெளியிடுவார். வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்குள் வேட்பாளரின் கையெழுத்தோடு அந்தத் தாள் வார்டு அலுவலகத்திலும் ரேஷன் கடை வாசலிலும் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அதன்பிறகு வாக்குக் கேட்டு வாருங்கள், பேசுவோம்.

இப்படிக்கு,
வடசென்னை வாக்காளர்கள் சிலர்
2026 ஜனவரி