அடுத்த தவக்காலத்தில் ஒரு மாலை, கீபோர்டு இல்லாமல்

புதுச்சேரிப் பங்குகளின் பாடகர் குழுக்களுக்கு,

இயேசுவுக்கே புகழ்!

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்கு எங்கள் பங்கில் எந்தக் கருவியும் இல்லாமல்தான் பாடுகிறோம். நிலைக்கு நிலை நடந்துகொண்டே பாடுவதால் சுருதி மெல்ல இறங்கும். ஒன்பதாம் நிலை வரும்போது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா குரலைத் தூக்கிப் பிடிப்பார். எல்லோரும் அவர் பின்னாலேயே ஏறுவோம். எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கீபோர்டு, ரிதம், நான்கு மைக். அந்தக் குரல் எங்கே போனதென்றே தெரியாது.

அதனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த தவக்காலத்தில் ஒரு மாலை, ஃபிராங்க் மார்த்தேன் இசையமைத்த இலத்தீன் திருப்பலியின் கடைசிப் பகுதியான ‘ஆஞ்ஞுஸ் தேயி’யை (‘இறைவனின் செம்மறியே’ மன்றாட்டை) மட்டும் சேர்ந்து பாடுவோம்.

மார்த்தேன் ஜெனீவாக்காரர், கால்வின் வழிச் சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். கருவியே இல்லாமல், நான்கு நான்கு குரலாகப் பாடும் இரட்டைக் குழுவுக்காக 1922இல் இந்தத் திருப்பலியை எழுதினார். ‘ஆஞ்ஞுஸ் தேயி’யை 1926இல் சேர்த்தார். இது தனக்கும் கடவுளுக்கும் இடையிலானது என்று வெளியே கொடுக்காமலேயே வைத்திருந்தார். 1963இல்தான் ஹாம்பர்க்கில் முதன்முதலாகப் பாடினார்கள். தாய்மொழி வழிபாட்டுக்கு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழி திறந்ததும் அதே ஆண்டுதான்.

இலத்தீனுக்குத் திரும்பச் சொல்லவில்லை. தமிழ்ப் பூசை நம் உயிர். ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே’ என்று நாம் வாராவாரம் மன்றாடுவதைத்தான் அவரும் மன்றாடுகிறார்.

எட்டுக் குரல் நமக்கு வருமா என்பீர்கள். இரண்டாம் குழு பாரம் சுமந்து நடப்பவரின் காலடி போல ஒரே சீராக, அடியடியாக ஒலித்துக்கொண்டிருக்கும். அதன்மேல் முதல் குழு பெரும்பாலும் ஒரே மெட்டை ஒரே குரலாகப் பாடும். அது நமக்குக் கைவந்ததுதானே! நாற்குரல் பழகியவர்கள் இரண்டாம் குழுவில் நிற்கட்டும். சிலுவைப்பாதை பாடுகிறவர்கள் முதல் குழு. அமைதியைக் கேட்கும் கடைசி வரியில்தான் இரண்டும் ஒன்றுகூடும். நம் பேராலயமான சம்பாக் கோவிலில் அதை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை.

பங்குத்தந்தையர் தயங்கத் தேவையில்லை. விழாக்களும் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறும் தவிர, தவக்காலத்தில் கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே என்பது திருச்சபையின் ஒழுங்கு.

சாம்பல் புதனுக்கு மூன்று மாதம் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். இசைப்பிரதிகளை நகலெடுக்காமல் வாங்குவோம். அந்தச் செலவில் என் பகுதியை நான் தருகிறேன். முதல் குழுவுக்கு அந்த அக்காவை ஏற்கெனவே கேட்டுவிட்டேன். வருகிறேன் என்றார்.

அன்புடன்,
பாஸ் (ஆண்களின் கீழ்க்குரல்) வரிசையில் நிற்கும் உங்கள் சகோதரன்