பின்னால் வரும் காருக்கும் பிரேக் வேண்டும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வீடுபோலத் தங்கிப் பயணிக்கும் உங்கள் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் ஜீப்பை நான்கு சக்கரங்களும் தரையில் உருள இழுத்துச் செல்லப்போவதாகவும், இரண்டையும் இணைக்கும் டோ பார் பொருத்தியாகிவிட்டதால், ஜீப்பின் பிரேக்கைத் தானாகப் போடும் துணை பிரேக்கை அடுத்த பயணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை நினைப்பதாகவும் சொன்னாய். தொலைபேசியில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்பதால் எழுதுகிறேன்.

அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தும் பிரேக், ஜீப்பையும் சேர்த்து நிறுத்திவிடாதா என்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த பிரேக் மோட்டார் ஹோமின் சொந்த எடைக்கும் அதில் ஏற்றும் சுமைக்கும் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. பின்னால் தொடரும் 4,000 பவுண்டு அந்தக் கணக்கில் இல்லை. வேகம் 30 மைலிலிருந்து 60 மைலாக ஏறினால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. நீண்ட மலை இறக்கத்தில் சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கத் தொடங்கும்போது அந்த வேறுபாடு தெரியும். இழுக்கப்படும் வண்டி 3,000 பவுண்டைத் தாண்டினால் தனி பிரேக் வேண்டும் என்பது அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம். சிலவற்றில் வரம்பு இன்னும் குறைவு. சட்டம் இருக்கட்டும், உங்கள் மோட்டார் ஹோமின் சேஸிஸுக்கான (அடிச்சட்டத்துக்கான) கையேட்டில் பிரேக் இல்லாமல் எவ்வளவு இழுக்கலாம் என்று போட்டிருப்பதை அவரையே படித்துப் பார்க்கச் சொல்.

துணை பிரேக்கில் இரண்டு வகை உண்டு. இழுக்கப்படும் காரின் ஓட்டுநர் இருக்கைக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே வைத்து எடுக்கும், பெடலை அழுத்தும் பெட்டி ஒரு வகை. காரிலேயே நிரந்தரமாகப் பொருத்துவது இன்னொரு வகை. இழுக்கும் கார் அடிக்கடி மாறுமானால் பெட்டி வசதி. நீங்கள் எப்போதும் இதே ஜீப்பைத்தான் இழுப்பீர்கள் என்பதால் நிரந்தரமானதையே வாங்குங்கள். பெட்டியை நம்பி நான் பட்டதைக் கேள்.

முதல் வருடம் என்னிடம் பெட்டிதான் இருந்தது. ஒரு காலையில் அவசரத்தில் இருக்கையைச் சற்று அதிகமாக முன்னே தள்ளிவிட்டேன். பெட்டி பெடலை மெல்ல அழுத்தியபடியே இருந்திருக்கிறது. முப்பது மைல் போன பிறகு, பின்னால் வந்த லாரிக்காரர் விளக்கை மினுக்கி மினுக்கி என்னை ஓரங்கட்ட வைத்தார். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரங்களிலிருந்து புகை, ரோட்டர் (பிரேக் பிடிக்கும் தட்டு) சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அந்த முப்பது மைலிலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த எனக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பிரேக் இல்லாத காரைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கைப் பற்றி எச்சரிப்பவர் குறைவு.

ஆகவே மோட்டார் ஹோமின் டாஷ்போர்டில் ஓர் எச்சரிக்கை விளக்கு கட்டாயம் வேண்டும். அதற்கான வயரை ஜீப்பின் பிரேக் பெடல் சுவிட்சில், பெடலை மிதிக்கும்போது மட்டும் மின்சாரம் வரும் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மோட்டார் ஹோமிலிருந்து கட்டளை போனதை மட்டும் காட்டும் விளக்கு போதாது. ஜீப்பின் பெடல் உண்மையில் அழுந்தியிருக்கிறதா என்பதை அது சொல்ல வேண்டும்.

அடுத்தது வெற்றிடம். மிதிக்கும் அழுத்தத்தைப் பெருக்கித் தருவது பிரேக் பூஸ்டர்; அது இன்ஜின் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தால் வேலை செய்கிறது. இன்ஜின் அணைந்த காரில் அதில் மிஞ்சிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துவிடும்; பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். அதற்காகவே நிரந்தர அமைப்புகள் சிலவற்றில் தனி வெற்றிடப் பம்பு இருக்கிறது. அப்படிப்பட்டதை வாங்கினால் இன்ஜினுக்கும் பூஸ்டருக்கும் இடையிலுள்ள குழாயில் ஒருவழி வால்வு ஒன்றைச் சேர்ப்பார்கள். அதைத் திருப்பிப் போட்டுவிட்டால், ஜீப்பைத் தனியாக ஓட்டும்போது பூஸ்டருக்கு இன்ஜினின் வெற்றிடம் போய்ச் சேராது. எனவே பொருத்தி முடித்ததும் முதலில் ஜீப்பை மட்டும் தெருவில் மெதுவாக ஓட்டி, பெடல் வழக்கம்போல் இருக்கிறதா என்று பாருங்கள்.

டோ பார் கழன்று ஜீப் தனியே பிரிந்தால் ஒரு கம்பி இழுபட்டு, ஜீப்பிலுள்ள சுவிட்சின் ஊசியைப் பிடுங்கி ஜீப்பின் பிரேக்கைப் போடும். அந்தக் கம்பியின் மறுமுனையை மோட்டார் ஹோமின் இரும்பு அடிச்சட்டத்தில் மாட்ட வேண்டும், டோ பாரில் அல்ல. டோ பாரே ஜீப்போடு போய்விட்டால் ஊசியை இழுக்க எதுவும் மிஞ்சாது. வளைவில் இழுபடாத அளவு தளர்வும் தரையில் உரசாத அளவு இறுக்கமும் இருக்கட்டும். ஒரு முறையாவது கையால் ஊசியைப் பிடுங்கிச் சோதித்துப் பாருங்கள். ஜீப்பின் பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த ஏற்பாடும் வேலை செய்யாது என்பதால் மோட்டார் ஹோமிலிருந்து அதற்கு ஒரு சார்ஜ் வயரும் தேவை.

முதல் ஓட்டத்தைக் காலி மைதானத்தில் 25 மைல் வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை ஓட்டட்டும், நீ ஓரமாக நின்று நிறுத்தும்போது ஜீப்பின் டயர் உருளாமல் வழுக்குகிறதா என்று பார். வழுக்கினால் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சாலைக்குப் போனதும் பத்து மைலில் ஒரு தடவை நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிட்டுப் பார். தொட்டுவிடாதே.

வால்வைப் பொருத்திய அன்றே அதன்மேல் உள்ள அம்புக்குறி தெரியும்படி ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப்போவேன்.

அன்புடன்,
அப்பா