தொலைந்தவரின் விலாசத்தை மனுதாரரிடம் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய குடும்ப நல நீதிமன்ற நீதிபதிகளுக்கும் அலுவலர்களுக்கும்,

வணக்கம். கணவரோ மனைவியோ எங்கே இருக்கிறார் என்றே தெரியாதவர்கள் போடும் விவாகரத்து மனுக்கள் உங்கள் கட்டுகளில் எப்படிக் கிடக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். சம்மன் திரும்பி வருகிறது. 'சரியான விலாசம் தாக்கல் செய்க' என்று வாய்தா. அடுத்த வாய்தாவிலும் அதே உத்தரவு. விலாசம் தெரியாது என்று மனுவிலேயே சொல்லியாகிவிட்டதே, ஐயா!

உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 5, விதி 20 இதற்காகத்தான் இருக்கிறது. வழக்கமான வழியில் சம்மன் சேராது என்று நீதிமன்றம் திருப்தி அடைந்தால், நீதிமன்றத்திலும் எதிர்மனுதாரர் கடைசியாகக் குடியிருந்த வீட்டிலும் ஒட்டலாம். அந்தப் பகுதியில் புழங்கும் நாளிதழில் விளம்பரமும் கொடுக்கச் சொல்லலாம். அந்தத் திருப்திக்கு எந்தெந்தக் காகிதம் போதும் என்பதை மட்டும் மனுதாரரிடம் யாரும் சொல்வதில்லை.

தபால் உறை 'வீடு பூட்டியுள்ளது' என்று திரும்பினால் மறு சம்மன். 'குடிபெயர்ந்துவிட்டார்' என்று திரும்பினால் புது விலாசம். சம்மனை நேரில் கொண்டுபோகும் நீதிமன்ற ஊழியரான அமீனா, வீட்டுக்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரித்து, யார் என்ன சொன்னார், எப்போது காலி செய்தார் என்று எழுதினால் ஒரே தடவையில் வேலை முடியும். 'ஆள் இல்லை' என்று ஒற்றை வரி எழுதி அனுப்பினால், மறுபடி சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, மறுபடி வாய்தா. விளம்பரம் வந்த பிறகும் பெயரிலோ வழக்கு எண்ணிலோ ஒரு பிழை போதும், அந்தச் செலவு முழுக்க இன்னொரு முறை.

இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு, ஆறு மாதத்தில் விசாரணையை முடிக்க முயலச் சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்துதான். ஆள் கிடைக்காத வழக்கில் அந்த நாள் வருவதே இல்லை. விட்டுப் போனவர் சுதந்திரமாக இருக்கிறார். விடப்பட்டவர் நீதிமன்ற வராந்தாவில் நிற்கிறார்.

'ஏழு வருஷம் ஆகட்டும்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவதையும் நிறுத்துங்கள். ஏழு ஆண்டு என்பது உயிரோடு இருப்பதாகவே தகவல் இல்லாதவருக்கு. கைவிட்டுப் போனவர் மீது, மனு போடும் நாளுக்கு முன் தொடர்ந்து இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் 13ஆம் பிரிவே போதும்.

அவசரத் தீர்ப்பு கேட்கவில்லை. விலாசம் தெரிந்தும் மறைத்து, எதிர்த்தரப்பு வராமலேயே 'எக்ஸ்பார்ட்டி' என்னும் ஒருதலைத் தீர்ப்பு வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அப்படி வாங்கிய தீர்ப்பு பின்னால் ரத்தானால், அதை நம்பி மறுமணம் செய்தவரின் கதி என்ன? ஆகவே தேடலைக் கறாராகவே கேளுங்கள்: உறவினர்களுக்கு அனுப்பிய பதிவுத் தபால், கடைசியாக வேலை பார்த்த இடத்தின் பதில், காவல் நிலைய மனு ஏற்பு ரசீது. இவற்றை ஒரு பட்டியலாக அச்சிட்டு, மனு தாக்கலாகும் அன்றே கையில் கொடுங்கள். தொலைபேசி நிறுவனத்திடமும் வங்கியிடமும் விலாசம் கேட்கும் அதிகாரம் மனுதாரருக்கு இல்லை, உங்களுக்கு உண்டு. அதை ஒருமுறையாவது பயன்படுத்துங்கள்.

பட்டியலில் உள்ளதெல்லாம் பிரமாணப் பத்திரத்தோடு வந்துவிட்டால், முதல் சம்மன் திரும்பிய அடுத்த வாய்தாவிலேயே விளம்பரத்துக்கு உத்தரவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விலாசத்தை மட்டும் மறுபடி கேட்காதீர்கள்.