நாயை அடித்தால் அணில் பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்ப்பு நாய் அணிலையும் ஓணானையும் பிடித்துக் கொல்கிறதே, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டதற்கு உங்கள் ஞாயிறு இதழில் இரண்டு யோசனைகள் வந்திருந்தன. வயிறு நிறையத் தீனி போடுங்கள். அப்படியும் பிடித்தால், செத்ததை மூக்கருகே காட்டி நாலு அடி வையுங்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் நாய் மணி, டெரியர் இனக் கலப்பு. தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு ஓணான் பின்னால் ஓடுகிறவன். பசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. தேடுவது, உற்றுப் பார்ப்பது, பதுங்கி நகர்வது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது, தின்பது என்று, நாயின் மூதாதையான ஓநாயின் வேட்டை வரிசையாகப் போகும். மனிதன் தன் தேவைக்காக நாய்களைப் பொறுக்கி வளர்த்தபோது இதில் சிலதைக் கூர்மையாக்கினான், சிலதை மழுங்கடித்தான். மந்தை ஓட்டும் பார்டர் கோலி உற்றுப் பார்க்கும், பதுங்கும், துரத்தும், அதோடு நிற்க வேண்டும். ரெட்ரீவர், சுட்டு விழுந்த பறவையைப் பல் படாமல் கவ்வி வரும். டெரியரை எலி கொல்லவே வளர்த்தார்கள். கவ்வி ஒரு உதறு, அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக நாமே வளர்த்துவிட்ட திறமைக்கு இன்று நாமே அடி கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

அதிலும் துரத்துவதே நாய்க்குப் பெரிய சந்தோஷம். அணில் தப்பி மரமேறினாலும் அதற்குக் கூலி கிடைத்துவிட்டது. எல்லாம் முடிந்த பிறகு விழும் அடியிலிருந்து அது கற்றுக்கொள்வது, பிடித்ததை நம் கண்ணில் படாமல் கொண்டுபோக வேண்டும் என்பதைத்தான். அவசரத்தில் முழுசாக விழுங்கிவிடுவதும் உண்டு. ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டை இன்னும் மோசம். வலி வந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால், அந்தக் குழந்தையால்தான் வலித்தது என்று நாய் நினைத்துக்கொள்ளலாம்.

தடுக்க வேண்டிய இடம் அந்த வரிசையின் தொடக்கம். அணிலைக் கண்டதும் மணியின் வாய் மூடிக்கொள்ளும், காது முன்னால் வரும், ஒரு முன்னங்கால் அந்தரத்தில் நிற்கும். அப்போது கூப்பிட்டால் இன்னும் காதில் ஏறும். கால் கிளம்பிய பிறகு தொண்டை கிழியக் கத்தினாலும் வீண். திரும்பிப் பார்த்ததும் பரிசு கொடுக்க வேண்டும், அதுவும் சும்மா ஒரு பிஸ்கட் இல்லை. கம்பு நுனியில் கயிறு கட்டி, அதன் முனையில் கந்தல் துணியை முடிந்து வைத்திருக்கிறேன். அதைத் தரையில் இழுத்தபடி நான் எதிர்ப்பக்கம் ஓடுவேன். அவன் துரத்திப் பிடித்து ஆசை தீர உதறுவான். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பழக்கத்தை அணில் வெகு தூரத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். காலடியில் ஓடும் அணிலை வைத்துப் பாடம் நடத்த முடியாது.

பழகி முடிக்கும் வரைக்கும், சொல்லப்போனால் அதற்கப்புறமும், கயிறு வேண்டும். ஐந்து முதல் பத்து மீட்டர் நீளக் கயிற்றை, நெஞ்சைச் சுற்றிப் போடும் வாரான ஹார்னெஸில் மாட்டுங்கள், கழுத்துப்பட்டையில் வேண்டாம். முழு வேகத்தில் ஓடிக் கயிறு விறைக்கும்போது அடி குரல்வளைக்குத்தான் போகும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. தோட்டத்துக் கதவைத் திறக்கும் முன் நாம் போய் இரண்டு தட்டு தட்டினால், இருக்கிறவை ஓடிவிடும். பறக்கத் தெரியாத குஞ்சுகள் தரையில் திரியும் நாட்களில் அவிழ்த்தே விடாதீர்கள். ரொம்ப முரட்டு வேட்டைக்காரன் என்றால், மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை மாதிரியான வாய்மூடி இருக்கிறது. அது தண்டனை இல்லை.

இது அணிலுக்காக மட்டும் சொல்வதும் இல்லை. விஷம் தின்ற எலியை நாய் தின்றால் அந்த விஷம் நாய்க்கும் ஏறலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை விஷமாக இருந்தால் சில நாட்கள் ஒன்றும் தெரியாது, பிறகுதான் ஈறு வெளுக்கும், ரத்தம் கசியும். எலி தின்றது தெரிந்தவுடனே மருத்துவரிடம் போனால், அந்த வகைக்கு வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்ற வழி உண்டு. எலிக்காய்ச்சலும் எலியிடமிருந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். அதே போல, நாய் வாயிலிருந்து பிடுங்கிய அணில் துள்ளி ஓடுகிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். பல் பட்ட சின்னத் துளை ரோமத்துக்குள் மறைந்திருக்கும், பிறகு சீழ் பிடிக்கும். பிடிக்க முடிந்தால் அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மணி திருந்திவிட்டான் என்று நான் சொல்லவில்லை. திருந்தவும் மாட்டான். பெரும்பாலும் கூப்பிட்டால் திரும்புகிறான், திரும்பாத நாளைக்குக் கயிறு இருக்கிறது. அடுத்த முறை இப்படி ஒரு கேள்வி வந்தால், கால்நடை மருத்துவர் ஒருவரிடம் கேட்டுப் பதில் போடுங்கள். நாலு அடி யோசனையைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் பிரம்பைத் தேடினார்களோ!

இப்படிக்கு,
மணியோடு கயிறும் கையுமாக நடக்கும் ஒரு வாசகி