வட்டார விமானிகளுக்கு முறையான வழி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

லாஸ்பேட்டை விமான நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 1,500 மீட்டரே நீளமுடையது என்பதால், புதுச்சேரிக்கு ஏ.டி.ஆர். போன்ற சிறிய விமானங்களே வந்து செல்கின்றன. வெளிமாநிலத்தில் உள்ள சிறிய நிறுவனமொன்றில் என் மகள் இத்தகைய விமானத்தின் துணை விமானியாகப் பணிபுரிகிறாள்.

வணிக விமானி உரிமத்துக்குத் தேவையான 200 மணி நேரப் பறத்தலுக்காக வீட்டை அடமானம் வைத்தோம். விடுப்பில் வரும்போதும் அவள் பறத்தல் பதிவேட்டை விரித்து, நிமிடம் நிமிடமாகக் கூட்டிப் பார்ப்பாள். 1,500 மணி நேரம் நிறைந்தால்தானே தலைமை விமானியாவதற்கான உயர்நிலை உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும்! அதன் பின்னரும் பெரிய நிறுவனத்துக்கு மாற விரும்பினால், துணை விமானிக்கு 6 மாதம், தலைமை விமானிக்கு ஓராண்டு முன்னறிவிப்பு என்பது 2017ஆம் ஆண்டின் விதி. அங்கே சென்றாலோ, பணிமூப்பு புதிதாகத் தொடங்குகிறது. எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான்.

அமெரிக்காவில் என்வாய், பீட்மாண்ட் ஆகிய வட்டார நிறுவனங்களின் விமானிகள், பணிமூப்பின்படி அதே குழுமத்தின் பெரிய நிறுவனமான அமெரிக்கன் ஏர்லைன்ஸுக்குச் செல்ல ஒப்பந்த வழி இருக்கிறது. உடான் திட்டத்தின் மூலம் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசு, அவற்றை ஓட்டுவோருக்கும் இத்தகைய வழியை ஏற்படுத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விமானியின் தந்தை,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.